நாற்பது செண்டுக்கு ஏக்கர் கட்டத்தில் என்ன எழுதுவது?

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு பால் சொசைட்டி இருக்கிறது. அதற்காக நான் எழுதிய வலைப் படிவம் அன்றுதான் முதன்முதலாக மேசைக்கு வந்தது. காலைப் பால் அளந்து முடிந்து, கேன்களைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. கணக்கெழுதும் சேச்சி கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். தீவனப்புல் போட நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்களின் விவரத்தை ஏற்ற வேண்டும். பேர், பிறந்த தேதி, சர்வே நம்பர், நிலத்தின் அளவு, பேங்க் கணக்கு. முதலில் வந்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலத்தின் அளவுக்கு இரண்டு கட்டம் வைத்திருந்தேன், ஏக்கர் ஒன்று, செண்ட் ஒன்று. பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்மிணி, எனக்கிருக்கறது நாப்பது செண்டுங்க. ஏக்கர்னு கேட்டா அதுல என்னத்தப் போடறது?"

"விட்டுருங்க பெரியப்பா, செண்டுல மட்டும் போட்டாப் போதும்" என்றேன். சேச்சி அப்படியே செய்தார். ஏக்கர் கட்டம் சிவந்தது. 'இதை நிரப்பவும்.' சேச்சி பூஜ்யம் போட்டார். மறுபடி சிவப்பு. ஒன்றுக்குக் குறையக் கூடாதாம். "மோளே, இது சம்மதிக்குன்னில்ல" என்றபடி, வரிசையில் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏக்கர் கட்டத்தில் 1 என்று அடித்தார். பச்சை டிக் விழுந்தது. நாற்பது செண்டு வைத்திருந்த மனிதரை என் படிவம் ஒன்றே கால் ஏக்கருக்கும் மேலே உள்ளவராக்கி, பச்சை டிக்கும் போட்டு அனுப்பியது.

நான் அங்கேயே நிறுத்தச் சொல்லி, அந்த வரியைத் திருத்தினேன். வீட்டுக்கு வந்ததும் படிவத்தைத் திறந்து பார்த்தேன். தவறு இரண்டே சொல்லில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் 'ரெக்வயர்டு' (நிரப்பியே ஆக வேண்டும்), ஒவ்வொன்றுக்கும் 'மின் 1' (ஒன்றுக்குக் குறையக் கூடாது). கட்டத்தைத் தனியாகப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரும் அவரிடம் "உங்களுக்கு ஏக்கர் எத்தனை?" என்று கேட்கவில்லை. "நிலம் எவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள். கேள்வி ஒன்று, பதிலும் ஒன்று. எழுத வசதியாக இருக்கட்டும் என்று அதை இரண்டாகப் பிரித்தது நான். பிரித்தவள் சேர்த்துப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து பல கட்டங்கள் சேர்ந்த உள்ளீடுகளை எழுதும்போது ஒரே ஒரு விதியை வைத்திருக்கிறேன். சரிபார்ப்பு பதிலுக்குத்தான், கட்டத்துக்கு அல்ல. கீழே வருவதெல்லாம் அந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவை.

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே வாய்ப்பேச்சில் செண்டும் ஏக்கரும்தான். நூறு செண்டு ஒரு ஏக்கர், ஒரு செண்டு 435.6 சதுர அடி. ஆனால் வில்லேஜ் ஆபீசில் கரம் (நிலவரி) கட்டின ரசீதைப் பார்த்தால் ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று இருக்கும். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், நூறு ஆர் ஒரு ஹெக்டேர். ஒரு செண்டு 40.47 சதுர மீட்டருக்குச் சமம். பெரியவரின் நாற்பது செண்டு ரசீதில் 16 ஆர் 19 சதுர மீட்டராக வரும். ரசீதைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு கணக்கு, வாயால் சொல்பவருக்கு இன்னொரு கணக்கு. இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

அதனால் இப்போது அந்த உள்ளீடு இரண்டு முகத்தோடு வருகிறது. 'ஏக்கர், செண்ட்' என்று ஒன்று, 'ஆர், ச.மீ.' என்று ஒன்று. எது கையில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளே சேமிப்பது முழு எண்ணாகச் சதுர மீட்டர். அதோடு அவர் அடித்ததையும் அடித்தபடியே சேமிக்கிறேன். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 40 செண்டை 1,619 சதுர மீட்டராக்கி, நாளைக்கு அதைத் திரும்பச் செண்டாக்கினால் 40.006 என்று வரும். தன் நிலம் நாற்பது செண்டு என்று ஆயுள் முழுக்கச் சொல்லி வந்தவரிடம் அந்தத் தசமப்புள்ளியைக் காட்டக் கூடாது.

இனி சரிபார்ப்பு. இரண்டு கட்டமும் காலியாக இருந்தால் மட்டுமே பிழை. ஒன்று காலியாக இருந்தால் அது பூஜ்யம். செண்டில் 120 என்று போட்டால்? முதல் வடிவத்தில் '99க்கு மேல் கூடாது' என்று எழுதியிருந்தேன். ஆனால் 'நூத்தியிருபது செண்டு' என்று சொல்வது இங்கே சாதாரணம். அதை ஏற்றுக்கொண்டு, கட்டங்களுக்குக் கீழே 'மொத்தம் 1 ஏக்கர் 20 செண்ட்' என்று வாசித்துக் காட்டினால் முடிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏக்கரில் 1, செண்டில் 140 என்று வந்தால் என்ன அர்த்தம்? இரண்டு ஏக்கர் நாற்பது செண்டா? இல்லை, ஒரு ஏக்கர் நாற்பதைச் செண்டிலும் முழுதாக இன்னொரு முறை எழுதியிருக்கிறாரா? இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. தனித்தனியாக 1 சரி, 140 சரி, சேர்ந்தால்தான் சந்தேகம். இதைப் பிழை என்று சொல்லித் தடுக்கவும் கூடாது, பேசாமல் விடவும் கூடாது. 'மொத்தம் 2 ஏக்கர் 40 செண்ட் என்று எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று புள்ளி. ஏக்கர் கட்டத்தில் 1.4 என்று அடிக்கிறார்கள். நூற்றுக் கணக்கு என்பதால் 1.40 என்றால் ஒரு ஏக்கர் நாற்பது செண்டு, கணக்கும் பேச்சும் பொருந்திவிடும். ஆனால் ஒரு ஏக்கர் நாலு செண்டைக்கூட 1.4 என்று எழுதுகிறவர்கள் உண்டு. இதை எந்த நிரலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. திரும்ப வாசித்துக் காட்டுவது ஒன்றுதான் வழி. அந்த வாசிப்பு வரியை 'அவுட்புட்' என்ற குறியில் வைத்தால், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறவர்களுக்கும் மாற்றம் காதில் விழும்.

'டைப் நம்பர்' என்று போடுவதை இப்போது விட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தில் எழுத்து கலந்து போனால், உலாவி நம்மிடம் வெற்று மதிப்பைத் தருகிறது. காலியாக விட்டாரா, '40செ' என்று தவறாக அடித்தாரா என்பது மதிப்பைப் பார்த்துத் தெரியாது. மவுசின் சக்கரம் உருண்டாலே எண் மாறிவிடுகிற தொல்லை வேறு. பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் குழுவும் 2020இல் இதே காரணங்களைச் சொல்லி எண் உள்ளீட்டைக் கைவிட்டுச் சாதாரண உரைக் கட்டத்துக்கு மாறியது. 'இன்புட்மோட் டெசிமல்' என்று சேர்த்தால் கைபேசியில் எண் விசைகள் வந்துவிடும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதையெல்லாம் எப்படி ஒரே உறுப்பாகக் கட்டுவது? கட்டங்களைச் சேர்த்துச் சொல்ல வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் நெடுங்காலமாகவே 'ஃபீல்டுசெட்', 'லெஜண்ட்' இரண்டும் இருக்கின்றன. லெஜண்டில் 'நிலத்தின் அளவு' என்று கேள்வி, உள்ளே ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் பெயர்ப்பட்டை. இது இல்லாவிட்டால் திரையைப் பார்க்க முடியாதவருக்கு 'செண்ட், உரைக் கட்டம், காலி' என்று மட்டும்தான் கேட்கும். எதன் செண்ட் என்று தெரியாது. ஆனால் ஃபீல்டுசெட்டுக்கு மதிப்பு கிடையாது. செல்லுபடியாகிறதா என்று அதனிடம் கேட்டால் எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

அந்தக் குறையைத் தீர்ப்பது படிவத்தோடு சேர்ந்து இயங்கும் கஸ்டம் எலிமென்ட், அதாவது நாமே பேர் வைத்து உருவாக்கும் உறுப்பு. அதன் நிரல் வகுப்பில் (கிளாஸ்) 'ஃபார்ம்அசோசியேட்டட்' என்று ஒரு வரி, 'அட்டாச்இன்டர்னல்ஸ்' என்று ஓர் அழைப்பு. அதன் பிறகு நாம் எழுதிய உறுப்பை உலாவி தன் சொந்தக் கட்டம்போலவே நடத்துகிறது. 'செட்ஃபார்ம்வேல்யூ' மூலம் மதிப்பைக் கொடுக்கலாம். 'செட்வேலிடிட்டி' மூலம் என்ன பிழை, என்ன செய்தி, அது எந்தக் கட்டத்தின் பக்கம் தோன்ற வேண்டும் என்று சொல்லலாம். படிவத்தை ரீசெட் செய்தால் நமக்கு அழைப்பு வரும். குரோம் 2019இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2022இலும், சஃபாரி 2023இலும் இதை ஏற்றுக்கொண்டன. ரியாக்ட், வ்யூ போன்ற நிரல் நூலகங்கள் எதில் எழுதினாலும் இது அடியில் வேலை செய்யும். அதனால்தான் ஒரு நூலகத்தை நம்புவதைவிட இதைக் கற்றுக்கொள்ளும்படி என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

கட்டும்போது நான் பட்ட இடங்கள் சில. உள்ளே இருக்கும் சிறு கட்டங்களுக்கு 'நேம்' கொடுக்கக் கூடாது; கொடுத்தால் மொத்தமும் போகும், துண்டுகளும் தனியாகப் போகும். அவற்றுக்கு 'ரெக்வயர்டு' வைக்கவும் கூடாது, பழைய கதை திரும்பிவிடும். ஷேடோ டாமுக்குள், அதாவது பக்கத்தின் மற்ற பகுதியிலிருந்து உலாவி பிரித்து வைக்கும் தனி அறைக்குள், கட்டங்களை வைத்தால், வெளியே இருக்கும் பிழைச் செய்தியை 'ஏரியா டிஸ்கிரைப்டுபை' கொண்டு உள்ளே இருக்கும் கட்டத்தோடு கட்ட முடியாது. அடையாளப் பெயர்கள் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. எனவே ஷேடோ இல்லாமலே எழுதுகிறேன். உலாவியின் சொந்தப் பிழைக் குமிழியை 'நோவேலிடேட்' போட்டு நிறுத்திவிட்டு, அனுப்பும்போது நானே சரிபார்த்து, முதல் பிழையுள்ள கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோகிறேன். நாம் செய்தி கொடுக்காத இடத்தில் அந்தக் குமிழி உலாவியின் மொழியில்தான் பேசும். படிவம் முழுக்கத் தமிழில் இருந்தும் பிழை மட்டும் ஆங்கிலத்தில் வந்தால், படிக்கத் தெரியாதவர் பயந்துபோகிறார். எங்கள் படிவத்தில் தமிழ், மலையாளம் இரண்டிலும் செய்தி உண்டு.

எப்போது சரிபார்ப்பது என்பதுதான் மிக நுணுக்கமான இடம். ஒரு கட்டத்தை விட்டு வெளியேறிய உடனே சரிபார்த்தால், ஏக்கரைத் தாண்டிச் செண்டுக்குப் போகிறவரை நடுவழியில் அதட்டுகிறோம். அவர் பதிலை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. 'ஃபோகஸ்அவுட்' நிகழ்வில், கவனம் அடுத்து எங்கே போகிறது என்பதை 'ரிலேட்டட்டார்கெட்' சொல்லும். அது நம் உறுப்புக்குள்ளேயே இருந்தால் பேசாமல் இருக்க வேண்டும். வெளியே போனால்தான் சரிபார்ப்பு. பிழை ஒருமுறை காட்டப்பட்ட பிறகு மட்டும், அவர் திருத்தத் திருத்த உடனுக்குடன் பார்த்து, சரியானதும் சிவப்பை எடுத்துவிட வேண்டும். சிவப்புக் கோடும் இரண்டு கட்டத்துக்கும் சேர்ந்தாற்போல, குழுவின் ஓரத்தில். எந்தக் கட்டத்தில் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதற்குத் தனியாக. இலக்கம் நிரம்பியதும் கர்சரை அடுத்த கட்டத்துக்குத் தானாகத் தள்ளுவதையும் எடுத்துவிட்டேன். சேச்சி கீபோர்டைப் பார்த்து அடிப்பவர். நிமிர்ந்து பார்க்கும்போது எண் வேறு கட்டத்தில் இருக்கும்.

சர்வே நம்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 12/4 என்று ஒரே கட்டத்தில் வாங்கி, மாதக் கடைசியில் பட்டியலை எக்செல்லில் இறக்கினோம். 12/4 என்பது ஏப்ரல் 12 ஆகிவிட்டது. 345/2ஏ போன்றவை தப்பித்தன. நாள், மாதம் என்று வாசிக்க முடிந்தவை எல்லாம் தேதியாகிவிட்டன. ஒரு முழு நாள் உட்கார்ந்து ரசீதுகளைப் பார்த்துத் திருத்தினோம். இப்போது சர்வே எண், உட்பிரிவு என்று இரண்டு கட்டம், இரண்டும் உரையாகவே சேமிக்கப்படும். ரசீதைப் பார்த்து 12/4 என்று முதல் கட்டத்திலேயே யாராவது ஒட்டினால், சாய்கோட்டில் பிரித்து இரண்டிலும் நிரப்பிவிடும்.

தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டம். நாட்காட்டியைத் திறந்து 1951 வரை பின்னோக்கித் தட்டிக்கொண்டே போகச் சொல்வது வயதானவர்களுக்குச் செய்கிற கொடுமை. 31 சரி, 2 சரி, 2023 சரி. ஆனால் 31-2-2023 என்று ஒரு நாளே இல்லை. ஜாவாஸ்கிரிப்டிடம் அதைக் கொடுத்தால் மறுப்புச் சொல்லாமல் மார்ச் 3 என்று ஆக்கித் தரும். ஆகவே தேதியை உருவாக்கிய பின், அதிலிருந்து நாளையும் மாதத்தையும் திரும்ப எடுத்து, அடித்ததோடு ஒப்பிட வேண்டும். மாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

நிலப் பத்திரத்தின் தேதிக்கு வரும்போது வேறொரு விஷயம் எழுந்தது. ஒரு அம்மா தன் மாமனார் காலத்துப் பத்திரத்தைக் கொண்டுவந்தார், ஆண்டு 1115. 1900க்குக் கீழே எதையும் ஏற்காத என் விதி உடனே மறுத்தது. எங்கள் சித்தூர்த் தாலுகாப் பக்கம் 1949 வரை கொச்சி ராஜ்யம். பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டு இருக்கும். 1115 என்றால் 1939-40. ஆண்டு 1,100க்கு அக்கம்பக்கமாக வந்தால் இப்போது 'மலையாள ஆண்டா?' என்று கேட்கிறோம், ஆமென்றால் மாதக் கட்டத்தில் சிங்கம், கன்னி என்று மாதப் பெயர்கள் வரும். அதே அம்மாவிடம்தான் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். 'ஆதார் எண்' என்ற கட்டத்துக்கு அவர் பத்திரத்தின் எண்ணைச் சொன்னார். இங்கே பத்திரத்துக்கு 'ஆதாரம்' என்றுதான் பேர். ஆதாருக்கு 12 இலக்கம், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து வெர்ஹோஃப் என்ற பிழை கண்டுபிடிக்கும் முறையில் கணக்கிடப்பட்டது. அதனால் சரிபார்ப்பு அந்தத் தவறைப் பிடித்துவிட்டது. ஆனால் 'தவறான எண்' என்று மட்டும் சொன்னது. அவர் சரியான பத்திரத்தின் சரியான எண்ணைத்தான் சொல்லியிருந்தார். பெயர்ப்பட்டையை 'ஆதார் கார்டு எண், 12 இலக்கம்' என்று மாற்றினேன்.

பேரில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். வேறொரு வேலையில், இன்னொருவர் எழுதிய படிவத்தில், பேருக்கு எழுத்துகள் மட்டுமே அனுமதி என்று ஒரு விதி இருந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'எழுத்து' என்ற வகையைக் கேட்டிருந்தார்கள், பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் தமிழில் 'கி' என்பது க, அதன் பின் இகரக் குறி என்று இரண்டு குறியீடு. அந்த இகரக் குறி 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கிறது. புள்ளியும் அப்படியே. புள்ளியும் கொம்பும் காலும் இல்லாமல் தமிழில் எத்தனை பேர் தேறும்? தன் பேரைத் தன் மொழியில் அடித்தவர்கள் எல்லோரிடமும் அது 'சரியான பெயரை உள்ளிடவும்' என்றது. குறி வகையையும் சேர்த்துக்கொண்டால் போதும், ஒரே ஒரு சொல்லின் திருத்தம்.

மலையாளத்துக்கு அதுவும் போதாது. கிருஷ்ணன் போன்ற பேரின் கடைசி னகரம் அங்கே சில்லெழுத்து. 2008இல் வந்த யூனிகோடு 5.1இல்தான் அதற்குத் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முன் எழுதியவை மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என்று மூன்றாக இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம்கூட இவற்றை ஒன்றாக்காது, நாமே மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். தமிழில் 'கொ' எழுதும்போதும் இதே ஆபத்து. ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். இது இயல்பாக்கத்தில் சரியாகிவிடும். எங்கள் ஊர்ப் பேரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. சேமிக்கும் முன் இயல்பாக்காததால், 'கொழிஞ்சாம்பாறை' என்று தேடினால் பாதி உறுப்பினர்கள்தான் வந்தார்கள்.

பேரை இரண்டு மூன்று கட்டமாகப் பிரிக்கவே கூடாது என்பது என் முடிவு. முதற்பேர், கடைசிப்பேர் என்ற பிரிவு இங்கே யாருக்கும் பொருந்தாது. தமிழ் வீட்டில் இனிஷியல் முன்னால், மலையாள வீட்டில் பெரும்பாலும் பின்னால், சிலருக்கு வீட்டுப்பேரும் சேரும். இது பிரிக்காத ஒரே பதில், அதற்கு ஒரு நீளமான கட்டம் போதும். நீள வரம்பு வைத்தால் தாராளமாக வையுங்கள். 'ஸ்ரீ' என்ற ஒன்றே நான்கு குறியீடு.

பேங்க் விவரத்தில் சொல்ல அதிகமில்லை. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி 11 இடம், முதல் நான்கு எழுத்து, ஐந்தாவது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஆங்கில 'ஓ' என்று அடிப்பார்கள், கேட்காமலே திருத்திவிடலாம், அந்த இடத்தில் வேறெதுவும் வர வாய்ப்பில்லை. கணக்கு எண்ணை மட்டும் இரண்டு முறை வாங்குகிறோம். ஓர் இலக்கம் மாறினால் தீவன மானியம் வேறு யாருக்கோ போய்விடும். இந்த விதிகள் அத்தனையும் சர்வரிலும் உண்டு. அங்கிருந்து வரும் பிழை கட்டத்தின் பேரைச் சொல்லாமல் கேள்வியின் பேரைச் சொல்லி வரும்படி வைத்திருக்கிறேன்.

புதிய படிவத்தோடு மறுபடி போனபோது அதே பெரியவரை வரச் சொல்லியிருந்தேன். சேச்சி செண்டில் 40 என்று அடித்து டேப் தட்டினார். கீழே 'மொத்தம் 40 செண்ட்' என்று வந்தது. ஏக்கர் கட்டம் காலியாகவே, சிவக்காமல் இருந்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"இது செரிங்க அம்மிணி. இன்னொண்ணு ஒண்ணேகால் ஏக்கரு இருக்குது, எங்கய்யன் காலத்துது. நாங்க அண்ணந் தம்பி மூணு பேரும் இன்னும் பிரிச்சுக்கலீங்க. கரம் எம்பேர்லதான் கட்டறோம். அதை எப்படிங்க எழுதறது?"

மொத்த அளவு ஒரு பதில், அவர் பங்கு இன்னொரு பதில். மூன்றில் ஒன்று என்பதை எழுத மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம். மூன்று பேர் பங்கும் கூட்டினால் ஒன்றைத் தாண்டக் கூடாது. மற்ற இருவரும் இதே சொசைட்டியில் உறுப்பினர்களா என்பது தெரிந்தால்தான் அதைச் சரிபார்க்கவே முடியும்.

"உங்க தம்பிக ரெண்டு பேரும் இங்கதான் பால் ஊத்தறாங்களா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் இங்க. சின்னவன் பொள்ளாச்சிப் பக்கம் போயிட்டானுங்க."

நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன்.